பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம்

அவர் மதுரைக்காரர். வயது 57. இரண்டு வருடங்களுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ‘இனி சைக்கிள் ஓட்டலாமா?’ என்று கேட்டபோது டாக்டர் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ‘‘பக்கத்துல வர்றவங்ககிட்ட பேசிக்கிட்டே மிதிக்கணும். பேச முடியாம மூச்சு வாங்கினா, வேகம் அதிகம்னு அர்த்தம்.’’

பேச ஆள் வேண்டுமே! மனைவி கிளம்பிவிட்டார். பள்ளிக்கூட நாள்களில் சைக்கிளில் பறந்தவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதே இல்லை. பிள்ளைகள் விட்டுப்போன இரண்டு மவுன்டன் பைக்குகள் வீட்டில் சும்மா நின்றன. ஒரு மாதம் தெருவிலேயே ஓட்டிப் பழகினார்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள்களை காரில் கட்டிக்கொண்டு தேனி மாவட்டம் உத்தமபாளையத்துக்கு வந்து இறங்கினார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு, நிதானமாக சைக்கிள் ஓட்ட அருமையான இடம். ஒரு பக்கம் கேரள எல்லை மலைகள், மறுபக்கம் மேகமலை. நடுவே பெரிய மேடு பள்ளம் இல்லாத பச்சை நிலம். ஒரே சோதனை, ஆடிக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாகப் புகுந்து தேனிப் பக்கம் வீசும். கம்பத்தை நோக்கிப் போகிறவருக்கு அது எதிர்காற்று.

அங்கேதான் கியர் கைகொடுத்தது. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று மாற்றியதும் மிதி லேசானது. வேகம் குறைந்தது, முழங்கால் தப்பித்தது. மனைவி முன்னே போனார். வேகத்தை முடிவு செய்கிற பொறுப்பு அவருடையது.

நெடுஞ்சாலையை விட்டு ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் திரும்பினால் சாலையோரமெல்லாம் திராட்சைப் பந்தல்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இதுதான். காரில் போனால் பச்சையாக ஏதோ ஓடி மறையும். சைக்கிளில் போனால் பந்தலுக்குள் தொங்கும் கறுப்புக் கொத்துகள் தெரியும், அறுப்பவர்களின் பேச்சுகூடக் காதில் விழும்.

கம்பத்தில் டீ குடித்துவிட்டு கூடலூர் சாலையைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் மணியடித்துக்கொண்டு முந்திப் போனான். அவருக்குப் பொறுக்கவில்லை. கியரை மாற்றி விரட்டினார். கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து மனைவியின் குரல்.

‘‘என்னங்க... பேச்சையே காணோம்?’’

பதில் சொல்ல மூச்சு இல்லை. புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மூச்சு சீரான பிறகு மெதுவாகச் சொன்னார்.

‘‘அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில உங்களை உள்ளே கூட்டிட்டுப் போனப்போ, உங்க செருப்பைக் கையில வச்சுக்கிட்டு விடியற வரைக்கும் நின்னேன். உட்கார்ந்தா ஏதாவது ஆயிடுமோன்னு பயம்.’’

இந்த இரண்டு வருடங்களில் அவர் இதைச் சொன்னதே இல்லை. இவரும் கேட்டதில்லை. வீட்டில் பேச்செல்லாம் மாத்திரை, உப்பு, கரன்ட் பில் என்றே போயிருந்தது.

அதன்பிறகு அவர் யாரையும் விரட்டவில்லை. கூடலூர் தாண்டி, நடவு முடிந்த நெல்வயல்கள். இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது முல்லைப் பெரியாறு தண்ணீரால். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அதைக் கட்டிய பென்னிகுயிக்கின் படம் இங்கே கடைகளில் சாமி படத்தோடு மாட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு.

லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. மின் நிலையத்துக்கு மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கி வருகின்றன. இருவரும் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு மேல் குமுளி மலைப்பாதை. அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பினார்.

இப்போது காற்று முதுகில். சாலையும் லேசான இறக்கம். மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. அவரோ பிரேக்கில் விரலை வைத்தபடியே வந்தார். மனைவி அந்த ராத்திரியைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.