நான்கு பார்ட்டிஷனும் ஒரு 'யெஸ்' பட்டனும்

2012-ல் நடந்த கதை. இறுதியாண்டு மாணவன் ஒருவன், லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 7-க்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுவிடலாம் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்தான். புராஜெக்ட் முழுவதும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. சமர்ப்பிக்க இன்னும் இரண்டே வாரம். (நேரம் பார்த்தான் பாருங்கள்!)

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தான். சி டிரைவைச் சுருக்கி 40 ஜிபி காலி இடம் எடுத்தான். அந்த இடத்தில் புது வால்யூம் உருவாக்கப் போனபோது விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டியது. இந்த டிஸ்க் டைனமிக் டிஸ்க்காக மாறிவிடும், இப்போதைய பூட் வால்யூமைத் தவிர வேறு எதிலிருந்தும் இயங்குதளத்தைத் துவக்க முடியாது, தொடரலாமா? எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். படிக்காமல் 'யெஸ்'.

விண்டோஸ் எப்போதும்போல ஓடியது. லினக்ஸ் சிடியைப் போட்டுப் பார்த்தால்தான் வம்பு தெரிந்தது. டிஸ்க் முழுக்க 42 என்ற வகை எண் போட்ட பகுதிகள். லினக்ஸை நிறுவ ஓர் இடமும் இல்லை.

விண்டோஸ் ஏன் அப்படிக் கேட்டது? அதற்கு 1983-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வந்த பிசி டாஸ் 2.0, ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தது. மொத்தம் 512 பைட். அதில் 446 பைட் துவக்கும் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. ஒரு பார்ட்டிஷனைக் குறிக்க 16 பைட் வேண்டும் என்பதால் நான்குக்குமேல் இடமில்லை. இதுதான் எம்பிஆர். அவனுடைய லேப்டாப் கடையிலிருந்து வரும்போதே நான்கும் நிரம்பித்தான் வந்தது: விண்டோஸின் சிறு சிஸ்டம் பகுதி, சி, ரிகவரி, தயாரிப்பாளரின் சொந்தச் சாமான்கள். ஐந்தாவது வேண்டுமென்றால் விண்டோஸுக்குத் தெரிந்த ஒரே வழி டைனமிக் டிஸ்க்.

டைனமிக் டிஸ்க் விண்டோஸ் 2000-த்தோடு வந்தது. பார்ட்டிஷன் கணக்கை அந்த 64 பைட்டில் வைக்காமல், டிஸ்க்கின் கடைசியில் 1 எம்பி அளவில் தனியாக ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளும். அதனால் நான்குக்குமேலும் வால்யூம் போடலாம். சிம்பிள், ஸ்பேன்டு, ஸ்ட்ரைப்டு, மிரர், ரெய்டு-5 என்று ஐந்து வகை. கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் விண்டோஸையே துவக்க வேண்டிய வால்யூமாக இருந்தால் சிம்பிள், மிரர் இரண்டுக்கு மட்டுமே அனுமதி.

காரணம் ரொம்ப எளிது. கம்ப்யூட்டரை ஆன் செய்த முதல் நொடிகளில் விண்டோஸும் கிடையாது, லினக்ஸும் கிடையாது. பயாஸும் அந்த 446 பைட் நிரலும் மட்டும்தான் முழித்திருக்கும். அவற்றுக்கு டிஸ்க்கின் கடைசியில் இருக்கும் பதிவேட்டைப் படிக்கத் தெரியாது. ஸ்ட்ரைப் செய்தால் ஒரே கோப்பின் பாதி ஒரு டிஸ்க்கிலும் மீதி அடுத்ததிலும் கிடக்கும். அதைத் தைத்துச் சேர்க்கிற டிரைவர் அந்தக் கோப்புகளுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும்! மிரரில் அந்தச் சிக்கல் இல்லை, ஒவ்வொரு டிஸ்க்கிலும் முழுப் பிரதி உண்டு. மைக்ரோசாஃப்டே பின்னாளில் டைனமிக் டிஸ்க்கைக் கைவிடுவதாகச் சொன்னபோதும், பூட் வால்யூமை மிரர் செய்வதற்கு மட்டும் விலக்கு கொடுத்தது.

(இன்னொரு வேடிக்கை. துவக்கும் கோப்புகள் இருக்கும் பகுதிக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் 'சிஸ்டம் வால்யூம்'. விண்டோஸ் சிஸ்டம் இருக்கும் பகுதிக்குப் பெயர் 'பூட் வால்யூம்'. யார் வைத்த பெயரோ!)

பைல் சிஸ்டம் விஷயத்திலும் இதே கதைதான். எது வேகம், எது பாதுகாப்பு என்று பட்டியல் போடுவதற்கு முன், அதை முதலில் படிக்கப் போவது யார் என்று கேட்க வேண்டும். ஈஎக்ஸ்டி குடும்பம் பார்ட்டிஷனின் முதல் 1024 பைட்டைத் தொடாமல் விட்டுவைக்கும். அங்கே பூட் நிரலை வைக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் முதல் பைட்டிலிருந்தே தன் கணக்கை எழுத ஆரம்பித்துவிடும். அங்கே பூட் நிரலை எழுதினால் பைல் சிஸ்டமே போச்சு. ஈஎக்ஸ்டி4, 2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28-ல் நிலையானதாக அறிவிக்கப்பட்டபோது, பழைய கிரப்புக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. அதற்காகவே பலர் பூட் டைரக்டரிக்கு மட்டும் ஈஎக்ஸ்டி3-ல் சின்னதாக ஒரு பார்ட்டிஷன் போட்டார்கள். கிரப் 2 வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இப்போதைய லேப்டாப்களில் பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ, எம்பிஆருக்குப் பதில் ஜிபிடி. வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை இடம் உண்டு, நான்குக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் துவக்கக் கோப்புகள் இருக்கும் பகுதி ஃபேட்32-தான். 1996-ல் விண்டோஸ் 95-ன் மறுபதிப்போடு வந்தது அது. ஜர்னல் இல்லை, பர்மிஷன் இல்லை, 4 ஜிபிக்குமேல் ஒரு கோப்பு தாங்காது. இருந்தாலும் எந்த யுஇஎஃப்ஐக்கும் படிக்கத் தெரிந்தது அதுதான். என்டிஎஃப்எஸ்ஸில் போட்ட விண்டோஸ் பென் டிரைவ் பல லேப்டாப்களில் பூட் ஆகாததும் இதனால்தான். ஃபேட்32-ல் போடலாம் என்றால் சில விண்டோஸ் பதிப்புகளின் நிறுவல் கோப்பே 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. அதைத் துண்டாக்கிப் போட வேண்டும். அல்லது ரூஃபஸ் செய்வதுபோல, என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கத் தெரிந்த டிரைவரோடு ஒரு குட்டி ஃபேட் பகுதியைக் கூடவே வைக்க வேண்டும்.

அந்த மாணவனுக்கு 2012-ல் ஜிபிடி வாய்க்கவில்லை. டைனமிக்கிலிருந்து பழைய பேசிக்குத் திரும்ப விண்டோஸ் சொன்ன வழி ஒன்றே ஒன்று: எல்லா வால்யூமையும் அழி. அழிக்காமலே மாற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இருந்தன, புராஜெக்டை வைத்துக்கொண்டு அவன் அதில் சூதாட விரும்பவில்லை. பக்கத்து அறை நண்பனின் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கெஞ்சி வாங்கி, எல்லாவற்றையும் காப்பி எடுத்து, காப்பியை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் டிஸ்க்கைத் துடைத்தான். ரிகவரியும் போயிற்று.

இந்த முறை பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு செய்தான். முதலில் விண்டோஸ், ஏனென்றால் அது எம்பிஆர் நிரலை யாரையும் கேட்காமல் தன்னுடையதாக மாற்றி எழுதிவிடும். 100 எம்பியில் அதன் சிஸ்டம் பகுதி, அடுத்து என்டிஎஃப்எஸ்ஸில் சி. மூன்றாவதாக ஒரு எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன், அதற்குள் லாஜிக்கலாக லினக்ஸுக்கு ஈஎக்ஸ்டி4, ஸ்வாப், இரண்டு பக்கமும் திறக்கும்படி புராஜெக்டுக்கு ஒரு என்டிஎஃப்எஸ். கிரப் எம்பிஆரில் உட்கார்ந்ததால் லினக்ஸ் லாஜிக்கலில் இருந்தும் சிக்கலில்லாமல் துவங்கியது. விடியற்காலை நாலு மணிக்குத் திரையில் இரண்டு பெயரும் வரிசையாக வந்தன.

அட்டவணையில் நான்காவது இடத்தைக் காலியாகவே விட்டான்.