கிள்ளையிலிருந்து ஔலிக்கு: பனிச்சறுக்கும் அப்பாவின் தலைவலியும் (த்ரெட்)

1/ பனிமலைக்கு டூர் போக பிளான் பண்றவங்க, குறிப்பா வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க, இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. இருபது வருஷமா நோயாளிகளைப் பாக்குற நானே என் சொந்த அப்பா விஷயத்துல கோட்டை விட்டேன்.

2/ எங்க ஊர் கிள்ளை. பிச்சாவரம் பக்கத்துல. அப்பாவுக்கு 67 வயசு. ஆயுசு பூரா உப்பங்கழியில தோணி, வலைன்னு இருந்தவர். "நீங்க பாத்த பெரிய உயரமே சிதம்பரம் கோபுரம்தான்"னு என் பையன் கிண்டல் பண்ணுவான். அவன்தான் "தாத்தா, பனி பாக்கலாம் வாங்க"ன்னு கிளப்பி விட்டான்.

3/ போனது ஔலி. உத்தராகண்ட் மாநிலம், சமோலி மாவட்டம். சின்ன இடம்தான், ஆனா 2011ல தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்த சரிவு. முதல் முறை வர்றவங்களுக்கு மெதுவான சரிவு, பழகினவங்களுக்கு மேலே செங்குத்தான சரிவு, ஏறிப் போக சேர் லிஃப்ட். கட்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் பயிற்சியும் நடத்துது. நாங்க எடுத்தது மணிக்கணக்கு வாடகை, ஒரு பயிற்சியாளர்.

4/ பயிற்சியாளர் சொன்ன முதல் பாடம்: முழங்காலை மடக்கு, உடம்பை முன்னாடி சாய். நான் நாலு தடவை விழுந்தேன். அப்பா விழவே இல்ல! "தோணியில நின்னு கழி ஊன்றதுதான பாப்பா இது"ன்னு சொல்லிட்டு, ரெண்டு குச்சியையும் ஊன்றி நிதானமா இறங்கி வந்தார். பையன் கைதட்டினான். எனக்கே பெருமையா இருந்துச்சு.

5/ இங்க ஒரு மருத்துவக் குறிப்பு. ஸ்கீயில அதிகம் அடிபடுறது முழங்கால் தசைநார். ஸ்னோபோர்டுல ரெண்டு காலும் ஒரே பலகையில கட்டியிருக்கும். விழும்போது கையை ஊன்றுவோம், அதனால மணிக்கட்டு உடையும். முதல் நாளே மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் கேட்டு வாங்குங்க. வெறுமனே மோதிப் பாத்து கத்துக்க வேண்டிய விளையாட்டு இல்ல இது.

6/ அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல அப்பா ஒரு ரொட்டியோட நிறுத்திட்டார். "சோறு இல்லாம எறங்கல"ன்னார். நம்பிட்டேன். "லேசா தலை வலிக்குது"ன்னார். "நாள் முழுக்க வெயில்லயும் பனியிலயும் நின்னீங்கல்ல, அசதி"ன்னு ஒரு பாராசிட்டமால் குடுத்துத் தூங்கச் சொன்னேன். இதே அறிகுறியோட வேற ஒருத்தர் வந்திருந்தா ஒரு கேள்வி கூடுதலா கேட்டிருப்பேன்.

7/ ராத்திரி 11 மணிக்கு ஒரு வாந்தி. 2 மணிக்கு இன்னொண்ணு. அப்பதான் பொட்டுல அறைஞ்ச மாதிரி உறைச்சுது. முந்தின நாள் காலையில ரிஷிகேஷ்ல கிளம்பினோம், சுமார் 370 மீட்டர். ஜோஷிமட்டுல தங்காம அன்னிக்கு ராத்திரியே ஔலி வந்து படுத்தோம். ஒரே நாள்ல ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல ஏத்தம். கடலோர மனுஷன்.

8/ ஊட்டி 2240 மீட்டர். ஔலி சரிவுகள் ஏறக்குறைய 2500லிருந்து 3000 மீட்டர். 3000 மீட்டர்ல காற்றழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல 70 சதவீதம்தான். அதே மூச்சுல ஆக்ஸிஜன் குறைவா கிடைக்கும். உடம்பு பழக சில நாள் வேணும். அவசரமா ஏறினா தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், தூக்கமின்மை வரும். இதுதான் உயர நோய். உடம்பு எவ்வளவு திடமா இருந்தாலும் வரும்.

9/ பையில இருந்த ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். 80. கை நடுங்கிடுச்சு. அப்புறம் அப்பா விரலைத் தொட்டுப் பாத்தா ஐஸ் மாதிரி இருக்கு. தேய்ச்சு சூடாக்கி மறுபடி வெச்சேன், 87. குளிர்ந்த விரல்ல அளவு தப்பாக் காட்டும். எண்ணை மட்டும் நம்பாதீங்க, ஆளைப் பாருங்க.

10/ நான் பாத்தது மூணு விஷயம். படுத்திருக்கும்போது மூச்சிரைக்குதா? இருந்தா நுரையீரல்ல நீர் கோக்குதுன்னு சந்தேகிக்கணும். பேச்சு குழறுதா? குதிகால் முன்னாடி விரல் வெச்சு நேர்கோட்டுல நடக்க முடியுதா? தள்ளாடினா மூளை வீக்கம். "நடந்து காட்டுப்பா"ன்னேன். தலையைப் பிடிச்சுக்கிட்டே நேரா நடந்தார். பாதி உயிர் திரும்பி வந்துச்சு.

11/ உடனே இறங்கலாம்னா, ரோட்டுல ஐஸ் உறைஞ்சிருக்கு, விடியட்டும்னு டிரைவர் சொல்லிட்டார். 2023 ஜனவரியில ஜோஷிமட்டுல நிலம் இறங்கினப்போ ரோப்வேயை நிறுத்திட்டாங்க, அதனால ஜீப்தான் வழி. விடியற வரைக்கும் அவர் மூச்சை எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன். என் வாழ்க்கையில நீளமான டியூட்டி அதுதான்.

12/ வெளிச்சம் வந்ததும் சக்கரத்துல சங்கிலி போட்டு இறங்கினோம். ஜோஷிமட் சுமார் 1900 மீட்டர். மதியத்துக்குள்ள தலைவலி பாதி போச்சு. சாயந்திரம் சாதமும் பருப்பும் கேட்டு சாப்பிட்டார். உயர நோய்க்கு முதல் மருந்து இறங்குறதுதான்.

13/ "எப்பலேர்ந்துப்பா வலி?"ன்னு கேட்டேன். "காலையிலேர்ந்தே இருந்துச்சு. சொன்னா கீழ எறக்கிடுவ. பேரன் இன்னொரு நாள் சறுக்கணும்னு ஆசையா இருந்தான் பாப்பா." தலைவலியோடதான் மனுஷன் அவ்வளவு அழகா சறுக்கியிருக்கார். நம்ம பெரியவங்க வலியைச் சொல்ல மாட்டாங்க. நாமதான் ரெண்டு தடவை கேக்கணும்.

14/ போறவங்களுக்கு:
– நடுவுல ஒரு ராத்திரியாவது தங்கி ஏறுங்க.
– முதல் ரெண்டு நாள் மது, தூக்க மாத்திரை வேண்டாம். குளிருக்கு பிராந்தின்னு யாராவது நீட்டினா மறுத்திடுங்க.
– மலையில தலைவலி வந்தா, வேற காரணம் உறுதியாகுற வரைக்கும் அது உயர நோய்தான். அறிகுறி போகாம மேலே ஏறாதீங்க, கூடினா இறங்குங்க.
– அசெட்டசோலமைடு மாத்திரையை கிளம்பும் முன்னாடியே டாக்டரைக் கேட்டுட்டு எடுங்க. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகப் பிரச்சினை இருந்தா கண்டிப்பா சொல்லணும்.
– கறுப்புக் கண்ணாடி அவசியம். புதுப் பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும்.
– இதய நோய், நுரையீரல் நோய் இருந்தா டிக்கெட் போடும் முன்னாடியே பரிசோதனை.
– குல்மார்க் கொண்டோலா சில நிமிஷத்துல ஏறக்குறைய 3950 மீட்டருக்குக் கொண்டு போயிடும். அங்க இன்னும் கவனம்.

15/ அப்பா இப்போ கிள்ளை டீக்கடையில "கட்டை மேல நின்னே மலைய எறங்கினேன்"னு கதை சொல்லிட்டிருக்கார். தலைவலியையும் சேத்துச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கேன். சொல்ல மாட்டார். அதான் நான் எழுதிட்டேன்.