மாமாவும் யூ2வும் ஒரு முப்பரிமாணக் கண்ணாடியும்

கச்சேரியைப் படம் பிடித்து தியேட்டரில் ஓட்டினால் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பார்களா? பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவன் மண்டையில் முதலில் உதிக்கிற கேள்வி இதுதான். கதை கிடையாது. ஹீரோயின் கிடையாது. இடைவேளையில் திருப்பம் கிடையாது, சொல்லப்போனால் இடைவேளையே கிடையாது. கிளைமாக்ஸ் என்னவென்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். கடைசிப் பாட்டைப் பாடிவிட்டு எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனாலும் போகிறார்கள் மக்களே. நானும் போனேன். போன செமஸ்டர் லீவில் மெல்பர்னில் இருக்கும் பெரியப்பா பெண் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த படம், 'யூ2 3டி'. கூட வந்தது அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா.

படத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். யூ2 என்பது அயர்லாந்தின் டப்ளின் நகரத்து ராக் குழு. போனோ, எட்ஜ், ஆடம் கிளேட்டன், லாரி மல்லன் என்று நாலே பேர். 1976ல் பள்ளிக்கூடத்துப் பையன்களாகச் சேர்ந்தவர்கள். 2005, 2006ல் 'வெர்டிகோ' என்ற பெயரில் உலகம் சுற்றிக் கச்சேரி செய்தார்கள். அதில் 2006ல் லத்தீன் அமெரிக்க நகரங்களில் நடந்தவற்றையும், கொஞ்சம் மெல்பர்னில் நடந்ததையும் டிஜிட்டல் முப்பரிமாணத்தில் எடுத்து, வெட்டி ஒட்டி, ஒரே ராத்திரி நடந்த ஒரே கச்சேரி மாதிரி ஆக்கினார்கள். இயக்கியது கேத்தரின் ஓவன்ஸ், மார்க் பெல்லிங்டன் என்று இரண்டு பேர். 2008 ஜனவரியில் வெளியானது. ஓடும் நேரம் 85 நிமிஷம். அதற்கப்புறம் டிவிடியிலோ புளூரேயிலோ இந்தப் படம் வரவேயில்லை. எங்கேயாவது திரையில் போட்டால்தான் உண்டு. தட்டுப்பாடு இருந்தால் மதிப்பு கூடும் என்று முதல் வருஷப் பொருளாதாரத்தில் படித்தோமே, அதேதான்.

இப்போது மாமா கதை.

மாமா திருச்சிக்காரர். காலேஜ் நாட்களில் யூ2 கேசட்டுகளை ரிக்கார்டிங் சென்டரில் பதிவு பண்ணி, டேப் நைந்து போகிறவரை கேட்டவர். ஹாஸ்டலில் பாதிப் பேர் ராஜா, பாதிப் பேர் ரகுமான், இவர் மட்டும் போனோ. 2006ல் மேல்படிப்புக்காக மெல்பர்ன் வந்தார். வந்த வருஷமே யூ2வும் வந்தது. வருஷ ஆரம்பத்தில் நடக்க வேண்டிய கச்சேரி தள்ளிப்போய் நவம்பரில் டெல்ஸ்ட்ரா டோமில் நடந்தது. இப்போது மார்வெல் ஸ்டேடியம் என்று சொல்கிறார்களே, அதற்கு அப்போது அந்தப் பெயர். டிக்கெட் விலை ஏறக்குறைய மாமாவின் ஒரு வார அறை வாடகை. பகலில் வகுப்பு, ராத்திரியில் பெட்ரோல் பங்க் வேலை. வாங்கவில்லை.

வாங்கவில்லையே தவிர, போனார். சதர்ன் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து ஸ்டேடியத்துக்கு ஒரு நடைபாலம் போகிறது. அந்தப் பக்கம் போய் வெளியே நின்றாராம். "பாட்டு வார்த்தை ஒண்ணும் புரியாது மாப்ள. பேஸும் டிரம்ஸும் மட்டும் நெஞ்சுல வந்து இடிக்கும். அதை வச்சு இது இந்தப் பாட்டுன்னு நானே கண்டுபிடிச்சுக்குவேன். பாட்டு முடிஞ்சதும் உள்ள ஜனங்க கத்துவாங்க பாரு, அது மட்டும் தெளிவா கேட்கும்." இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டு, அப்படியே ராத்திரி வேலைக்குப் போய்விட்டார்.

சரி, 2008ல் படம் வந்ததே, அப்போது ஏன் பார்க்கவில்லை? அங்கேதான் சிக்கல். மாமாவுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. எட்டாவது படிக்கும்போது கிட்டிப்புள் விளையாடியதில் புள் வந்து கண்ணில் அடித்துவிட்டது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். முப்பரிமாணப் படத்துக்கு இரண்டு கண்ணும் வேண்டும். சின்ன வயதில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்க்கப் போனபோது, 1984ல் வந்த நம்ம நாட்டின் முதல் முப்பரிமாணப் படம் அது, பக்கத்து சீட்டுப் பையன்கள் எல்லாம் திரையிலிருந்து நீண்டு வந்த ஐஸ்கிரீமைப் பிடிக்கக் கையை நீட்டினார்களாம். மாமா மட்டும் அவர்கள் கைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே முப்பரிமாணத்துக்கு ஒரு முழுக்கு.

இந்த முறை, பழைய முப்பரிமாணப் படங்களைப் பெரிய திரையில் மறுபடி போடுகிறார்கள், பட்டியலில் இதுவும் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்கா மட்டும், "உங்களுக்கு ஒரு கண்ணு. அவனுக்கு இங்கிலீஷ் பாட்டுன்னாலே தூக்கம் வரும். நல்ல ஜோடிதான்" என்றாள். :-)

மெல்பர்ன் ஐமேக்ஸ் திரை 32 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். அதாவது ஏழு மாடி. இருக்கைகள் செங்குத்தாக ஏறுகின்றன. முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலை நம் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும். நம்ம ஊர் தியேட்டரில் கொண்டைக்கும் பூவுக்கும் நடுவே படம் பார்த்துப் பழகியவனுக்கு இதுவே பெரிய விஷயம்.

வாசலில் கண்ணாடி கொடுத்தார்கள். மாமாவும் ஒன்று வாங்கிக்கொண்டார். உங்களுக்கு எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "போடலேன்னா ரெண்டு படமும் ஒண்ணு மேல ஒண்ணு கலங்கித் தெரியும். போட்டாத்தான் எனக்கு ஒரு படமாவது ஒழுங்கா தெரியும்."

விஷயம் இதுதான். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டு கண்ணும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை தூரத்தைக் கணக்குப் போடுகிறது. முப்பரிமாணப் படத்தில் ஒரு கேமராவுக்குப் பதில் இரண்டு. திரையிலும் இரண்டு படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. கண்ணாடியின் வேலை, வலது கண்ணின் படத்தை வலதுக்கும் இடது கண்ணின் படத்தை இடதுக்கும் மட்டும் அனுப்புவது. மாமாவுக்கு வலது பக்கப் படம் மட்டும் போகும். அதாவது ஏழு மாடி உயரத்தில் ஒரு சாதாரணப் படம்.

விளக்கு அணைந்தது. 'வெர்டிகோ' பாட்டோடு ஆரம்பித்தது.

எனக்கு யூ2 பாட்டு மொத்தம் மூன்றுதான் தெரியும். ஆனால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கிளேட்டனின் பேஸ் கிட்டார்க் கழுத்து திரையைத் தாண்டி எனக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கூட்டத்தில் தூக்கிய கைகள் நம் முன்வரிசையிலேயே தூக்கிய மாதிரி இருக்கின்றன. ஒருத்தர் தோள்மேல் இன்னொருத்தர் ஏறி மேடையை மறைக்க, "யோவ் உட்காரு" என்று சொல்லப் பார்த்தேன். முப்பரிமாணத்தில் படபடவென்று வெட்டினால் கண் வலிக்கும் என்பதால் ஒவ்வொரு காட்சியும் நிதானமாக நிற்கிறது. ஒரு காட்சி கரைவதற்குள் அடுத்தது அதன்மேல் வந்து உட்காருகிறது. முன்னால் பாடகர், நடுவில் டிரம்ஸ், பின்னால் கடல் மாதிரி ஜனம் என்று அடுக்கடுக்காக. 'தி ஃபிளை' பாட்டில் எழுத்துகளே பிரிந்து காற்றில் மிதந்து வருகின்றன.

'சண்டே பிளடி சண்டே' பாட்டில் ஒரு இடம். 1972ல் வட அயர்லாந்தின் டெரி நகரத்தில், ஊர்வலம் போன பொதுமக்கள் மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்ட ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய பாட்டு அது. பாடிக்கொண்டே வந்து போனோ கேமராவை நோக்கிக் கையை நீட்டுகிறார். அந்தக் கை நேராக என் கன்னத்துக்கு வந்தது. தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். வரிசையில் எல்லாத் தலைகளும் பின்னால் போயின. ஒரு தலையைத் தவிர.

எனக்குத் திக்கென்றது. மறுபடி குட்டிச்சாத்தான் கதைதானா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து கேமரா கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மிதந்து மேடையை நோக்கிப் போகிற காட்சி வந்தது. இப்போது மாமா சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். இரண்டு கைகளாலும் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பஸ் திடீரென்று கிளம்பினால் பிடிப்போமே, அப்படி.

இதற்கு விளக்கம் அப்புறம் டிராமில் வரும்போது கிடைத்தது. "ரயில்ல போறப்ப பக்கத்துல இருக்கிற தந்திக் கம்பம் சர்ருனு ஓடும், தூரத்து மலை மெதுவா நகரும். கவனிச்சிருக்கியா? எனக்கு அதுதான் தூரம். நின்னா எல்லாம் சப்பை. நகர்ந்தா எல்லாத்துக்கும் ஆழம் வந்துடும். முப்பது வருஷமா அப்படித்தான் ரோட்டைக் கடக்கிறேன், காரும் ஓட்டறேன்." கேமரா நின்றபோது எனக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லை. கேமரா நகர்ந்தபோது அவர் உள்ளே போய்விட்டார். கண்ணாடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை.

படம் பாதி தாண்டியிருக்கும். ஒரு பாட்டு முடிந்தது. முன்னால் இருக்கும் ஒலிபெருக்கிகள் அடங்கி, பின்னாலிருந்தும் பக்கங்களிலிருந்தும் ஜனங்களின் சத்தம் கிளம்பியது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே மூச்சில் கத்துகிற சத்தம். மாமா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் என்ன இருக்கிறது? இருட்டும், புரொஜெக்டர் வெளிச்சமும், பாப்கார்ன் தின்கிற நாலு பேரும்தான். சத்தம் அடங்குகிறவரை அப்படியே திரும்பி உட்கார்ந்திருந்தார். அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அடுத்த பாட்டு முடிந்ததும் மறுபடி அதே.

நடைபாலத்தில் நின்று கேட்ட அதே சத்தம். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இன்றைக்கு அவரைச் சுற்றி நாலு பக்கமும்.

படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. இது ரொம்பச் சுத்தமான கச்சேரி. கழிப்பறை வரிசை இல்லை, பார்க்கிங் சண்டை இல்லை, மேடையே தெரியாத கடைசி வரிசைக்காரன் இல்லை. கேமரா போகிற இடத்துக்கெல்லாம் எந்த டிக்கெட்டும் நம்மைக் கொண்டு போகாது. டிரம்ஸுக்கு மேலே எவன் விடுவான்? இன்னொன்று, கைதட்டல். ஒரு பாட்டு முடிந்ததும் எங்கள் வரிசையில் ஒரு அம்மா உற்சாகமாகத் தட்டினார். நாலு தட்டு தட்டியதும் நிறுத்திக்கொண்டார். கேட்க வேண்டியவர்கள் அங்கே இல்லையே. முப்பரிமாணமெல்லாம் அங்கிருந்து இங்கே வருவதற்குத்தான். இங்கிருந்து அங்கே போக ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை.

டிராமில் கேட்டேன். "மாமா, கடைசியில கச்சேரிக்குப் போயாச்சு, இல்ல?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இல்ல மாப்ள. கச்சேரிக்கு அன்னைக்கே போயிட்டேன். இன்னைக்குத்தான் பார்த்தேன்."

ஊருக்கு வந்த பிறகும் இந்த வாக்கியத்தை வரவு, செலவு என்று எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் பாடப்படி, ஒரே விலைக்கு ஒரே பொருளை வாங்கிய இரண்டு வாடிக்கையாளர்கள் நாங்கள். எனக்கு இரண்டு கண், நல்ல சீட், கன்னம் வரை வந்த கை. கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லாமல் கிடைத்தது. மாமாவுக்குப் பாதிப் படம்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர் உள்ளே வரும்போதே கையில் ஏதோ கொண்டு வந்திருந்தார். வெளியே நின்ற இரண்டு மணி நேரம். அதைக் கொண்டுவந்து வைத்ததால்தான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு அது பின்பக்க ஒலிபெருக்கி, அவ்வளவுதான்.

இனிமேல் யாராவது, "அங்கே நேரில் இருந்த மாதிரியே இருந்தது" என்று ஒரு படத்தைப் பற்றிச் சொன்னால் அந்த அரங்கின் ஒலி ஒளியைப் பற்றிக் கேட்க மாட்டேன். நீங்கள் எவ்வளவு நாளாக வெளியே நின்றுகொண்டிருந்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

கொசுறு: இந்த மாதிரிப் படம் போகிறவர்கள் நடு வரிசையில் உட்காருங்கள். பக்கத்திலிருப்பவர் தோளில் சாய்ந்து பார்க்காதீர்கள். ஐமேக்ஸ் கண்ணாடியோடு தலையைச் சாய்த்தால் எல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரியும். காதலர்கள் கவனிக்க. ;-)