கணினியின் தலைவாசல்

கணினியை இயக்கியதும் அது முதலில் தேடுவது நம் கடிதங்களையன்று. எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று அறிந்த ஒரு சிறு நிரலையே தேடுகிறது. பூட் லோடர் எனப்படும் அந்நிரலை எங்கே அமர்த்துவது என்ற வினா, சில ஆண்டுகளுக்கு முன் கணியம்பாடியில் என் தங்கையின் இல்லத்தில் எழுந்தது.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அத்தகைய கணினியொன்று மூத்தவனிடமிருந்து இளையவளுக்கு வந்திருந்தது. பழுது பார்த்த கடைக்காரர் விண்டோஸை மீண்டும் நிறுவித் தந்தார். அன்றே லினக்ஸ் மறைந்தது. அவளுடைய பாடக்குறிப்புகள் யாவும் அதில்தான் இருந்தன, தேர்வோ நெருங்கிவிட்டது.

"எல்லாம் அழிந்துவிட்டதா, மாமு?" என்று கண்கலங்கினாள். "முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் என்ன?" என்றார் மச்சான்.

வீடு இடியவில்லை, வாசற்கதவுதான் மாறியிருந்தது. பழைய முறையில் வட்டின் முதற்கூறு 512 பைட்டு. அதில் 446 பைட்டு தொடக்க நிரலுக்கு. 64 பைட்டு பிரிவுகளின் அட்டவணைக்கு. எஞ்சிய 2 பைட்டு அடையாளக் குறிக்கு. விண்டோஸ் தன்னை நிறுவிக்கொள்ளும்போது அந்நிரல் இருந்த இடத்தில் தன்னுடையதை எழுதிவிடும். அதற்கு லினக்ஸை அழைக்கத் தெரியாது.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்த்தோம். குறிப்புகள் பத்திரமாக இருந்தன. முதலில் அவற்றைப் படியெடுத்துக்கொண்டோம். பின்னர் 'கிரப்' என்னும் தொடக்க நிரலை அமர்த்த முற்பட்டபோது மூன்று இடங்கள் கண்முன் நின்றன. எஸ்டிஏ என்பது முழு வட்டு. எஸ்டிஏ1 என்பது அதன் முதற்பிரிவு. அங்கே எழுதினால் விண்டோஸின் சொந்தத் தொடக்கமே கெடக்கூடும். எஸ்டிபி என்பது பென் டிரைவ். அங்கே எழுதினால் அதைச் செருகினாலன்றி லினக்ஸ் எழாது. இப்பெயர்கள் இடம் மாறவும் கூடுமாதலால், கொள்ளளவைச் சரிபார்த்து முழு வட்டையே தேர்ந்தோம். மீண்டும் இயக்கியபோது இரண்டு பெயர்களும் திரையில் வரிசையாக நின்றன. அவள் முகம் மலர்ந்தது.

இன்றைய யூ.இ.எஃப்.ஐ. முறையில் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. ஒவ்வோர் இயங்குதளத்தின் தொடக்க நிரலும் அதில் தனித்தனி அறையில் வாழ்கிறது. ஒருவர் குடிபுக மற்றவர் வெளியேற வேண்டியதில்லை. எனினும், எம்முறையாயினும், துடைத்துவிடுமுன் உள்ளே இருப்பது யாருடைய உழைப்பு என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பது நலம்.