பட்டனை அமுக்கும் முன் காற்றைப் பாருங்கள்!

சமையல் குறிப்பும் கைவைத்தியமும் வருகிற பக்கத்தில் கார் டயருக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா, சகோதரிகளே? குழந்தை குட்டிகளோடு அந்தக் காரில் போகிறவர்கள் நாம்தானே! அடுப்பில் வைத்த பாலைக் கண் எடுக்காமல் பார்க்கத் தெரிந்த நமக்கு இது ஒரு பெரிய வித்தை இல்லை.

இப்போது வரும் பல கார்களில், ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. குதிரை லாடம் மாதிரி வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. ஏதாவது ஒரு டயரில் காற்று குறைந்தால் எரியும். அமெரிக்காவில் டயர் பிய்ந்து கார்கள் உருண்டு பல உயிர்கள் போன பிறகு, 2000-ல் இதற்கென்று சட்டம் போட்டார்கள். 2007 செப்டம்பர் முதல் தயாராகும் புதுக் கார்களில் அங்கே இது கட்டாயம். நம் ஊரிலும் இப்போது சகஜமாகி விட்டது.

போன மார்கழியில், பிரசவத்துக்கு வந்திருந்த மகளையும் மூன்று மாதப் பேரனையும் திருச்சியிலிருந்து மதுரைக்கு, அவள் புகுந்த வீட்டில் கொண்டு விடப் புறப்பட்டோம். காலையில் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்தது. "பனிக்கு அப்படித்தான் எரியும் அக்கா, பட்டனை அமுக்கினாப் போயிடும்" என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி. என் வீட்டுக்காரரும் கையை நீட்டி விட்டார். "ஏங்க, கொஞ்சம் இருங்க. முதல்ல காத்தை அளந்து பார்த்துடுவோம்" என்றேன். மூன்று டயரில் 32 இருந்தது. பின்பக்கத்து இடது டயரில் 21! பார்த்தால் ஒரு ஆணி ஏறியிருந்தது. பங்க்சர் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பினோம். சம்பந்தி வீட்டில் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

தம்பி சொன்னதிலும் பாதி உண்மைதான். ஐந்தாறு டிகிரி குளிர் கூடினால் டயரில் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். ஆனால் பனி நாலு டயருக்கும் பொது. ஒன்றில் மட்டும் 11 குறைந்தால் அது பனி இல்லை.

இந்த ஏற்பாட்டில் இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சின்னக் கருவி உட்கார்ந்து காற்றை அளந்து சொல்லும். மற்றதில் அந்தக் கருவி கிடையாது. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் சிறுத்து, மற்றவற்றை விட வேகமாகச் சுற்றும். பிரேக்கோடு இருக்கும் ஏ.பி.எஸ். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து விளக்கை எரிய விடும். எது சரியான காற்று என்று அதற்காகத் தெரியாது. நாம் பட்டனை அமுக்கும்போது இருக்கிற நிலைதான் சரி என்று எடுத்துக்கொள்ளும். குறைந்த காற்றோடு அமுக்கினால், அதுதான் சரி என்று நாமே சொல்லிக் கொடுத்தது போல ஆகிவிடும். காற்றில்லாத டயரோ ஓட ஓட மடங்கிச் சூடேறி, நடுவழியில் வெடிக்கவும் கூடும்.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜை வைத்து அளக்க வேண்டும். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். ஆட்கள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் பல கார்களில் இருக்கும். நாலு டயரிலும் அந்த அளவுக்கு நிரப்புங்கள். பிறகு வண்டியை நிறுத்திய நிலையில் சாவியை மட்டும் திருப்பி, பட்டனையோ திரையில் உள்ள மெனுவையோ அமுக்கிப் பிடிக்கவேண்டும். எங்கே, எவ்வளவு நேரம் என்பது காருக்குக் கார் மாறும். கூட வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டினால் வண்டி தானே கற்றுக்கொள்ளும். சக்கரத்துக்குள் கருவி உள்ள பல கார்களில், காற்றை நிரப்பி ஓட்டினாலே விளக்கு அணைந்து விடும்.

சாவியைத் திருப்பியதும் ஒரு நிமிஷத்துக்கு மேல் மினுக்கி விட்டு, பிறகு எரிந்துகொண்டே இருந்தால், கோளாறு அந்தக் கருவியில். அதை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதான்.

ஓடிவந்த சூட்டில் அளவு கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கி விடாதீர்கள். ஆறினால் குறைந்து போகும்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டுச் சும்மா இருப்போமா? இந்த விளக்கும் அப்படித்தான். தெர்மாமீட்டர் மாதிரியே கேஜ் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒரு நாள், ஸ்டெப்னியையும் சேர்த்து அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். வெளியூர் கிளம்புகிற அன்று ஒரு தடவை கட்டாயம் பாருங்கள்.