யாரும் மேயாத புல்

எங்களூரில் முற்றம் என்றால் மணல்தான். விடியற்காலையில் ஈர்க்கில் விளக்குமாறால் கூட்டிய முற்றத்தில் அந்தக் கோடுகள் தெரியவேண்டும். ஒரு வளவுக்குள் புல் முளைத்துக் கிடந்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்றே அர்த்தம். வயல் வரம்பில் புல்லுச் செருக்கி வளர்ந்த எனக்கு, முற்றத்துப் புல்லுக்குப் பசளை போட்டு, தண்ணீர் ஊற்றி, வளர்ந்ததும் வெட்டி, மறுபடியும் பசளை போடுகிற ஒரு வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஆறு மாதம் எடுத்தது.

2022 ஒக்டோபரில் சம்பளமற்ற விடுமுறையில் ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு புறநகர். வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு துண்டுப் புற்றரை. வேலி கிடையாது. ஒருவருடைய புல் எங்கே முடிகிறது, அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்பதை வெட்டிய உயரத்தை வைத்துத்தான் சொல்லலாம்.

மச்சான் களஞ்சியமொன்றில் இரவு வேலை செய்பவர். பகலில் தூங்கி எழுந்ததும் அவர் போவது புல்லுக்குத்தான். அங்கே அதிகம் வளர்ப்பது கென்டக்கி புளூகிராஸ் என்ற இனம். பெயரில்தான் அமெரிக்கா, வந்தது ஐரோப்பாவிலிருந்து. அது குளிரை விரும்புகிற புல். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தழைத்து, கடுங்கோடையில் சோர்ந்து பழுப்பாகி, மாரியில் உறங்கிவிடும். தாள் காய்ந்தாலும் மண்மட்டத்தில் இருக்கிற அதன் கழுத்தில் உயிர் இருக்கும். ஆகவே புல்லைக் கவனிக்கவேண்டிய காலம் பனிக்கு முந்திய காலம்தான். ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் வெற்றிடங்களில் விதை தூவவேண்டும். கடைசி வெட்டில் ஐந்தாறு சென்ரிமீற்றருக்குக் குறைக்கவேண்டும்; நெடிதாக விட்டால் பனியின் கீழ் சாய்ந்து அழுகும். உதிர்ந்த மேப்பிள் இலைகளை வாரிக் கொட்டாமல் வெட்டு இயந்திரத்தை அவற்றின் மேலேயே ஓட்டித் தூளாக்கினால் அதுவே பசளை. நவம்பர் தொடக்கத்தில், புல் வளர்வது நின்றும் பச்சை மாறாதிருக்கும்போது, கடைசித் தடவையாக நைதரசன் பசளை.

அந்தப் பசளைப் பையைக் கடையில் தூக்கி வண்டியில் வைத்தபோது என்னால் பேசாமலிருக்க முடியவில்லை.

"மச்சான், ஆடு மாடு கூட மேயாத புல்லுக்கா இது?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2021 இல் எங்கள் நாட்டில் ஒரே ஆணையில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் ஆணையை மீட்டுக்கொண்டார்கள்; ஆனால் பெரும்போக வேளாண்மை அதற்குள் மஞ்சளித்துவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளின் வாப்பாமார் ஒரு பை யூரியாவுக்காக அலைந்ததை நான் கண்டவன்.

கனடாவிலும் ஒரு தடை உண்டு. கியூபெக்கில் ஹட்சன் என்ற சிறு நகரம் 1991 இல், அழகுக்காகப் புல்லுக்கு நஞ்சு தெளிப்பதைக் கட்டுப்படுத்தி ஒரு விதி செய்தது. மருந்தடிக்கும் நிறுவனங்கள் வழக்காடின. 2001 இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. 2009 ஏப்ரல் 22 இல் ஒன்ராறியோ மாகாணம் முழுவதிலும் அழகுக்கான களைகொல்லி, பூச்சிகொல்லிப் பாவனை தடைசெய்யப்பட்டது. பண்ணைகளுக்கு விலக்கு. அவர்கள் பதினெட்டு வருடம் பேசிப் பேசி, அலங்காரத்திலிருந்து நஞ்சை எடுத்தார்கள். சோற்றில் கை வைக்கவில்லை. நாங்கள் ஒரே நாளில் சோற்றில் கை வைத்தோம். அந்தத் தடையால்தான் மச்சான் வசந்தத்தில் முழங்காலில் இருந்து, மஞ்சள் பூப்பூக்கும் டான்டிலியன் களையை ஆணிவேரோடு கத்தியால் கிண்டுகிறார்.

"ஏன் இவ்வளவு பாடு?" என்று ஒருநாள் கேட்டேன். முன்னொரு கோடையில் அவர் முதுகுவலியால் மூன்று கிழமை படுத்திருந்தாராம். யாரோ முறையிட, புல்லை வெட்டச் சொல்லி நகரசபைக் கடிதம் கதவில் ஒட்டியிருந்ததாம். யார் முறையிட்டதென்று இன்றுவரை தெரியாது.

"நம்மட பேரு இவங்கட வாயில நுழையாது, வாத்தியார். நம்மட வாசலப் பார்த்துத்தான் நம்மள எடை போடுறாங்க."

ராத்தாவுக்கு இதில் உடன்பாடில்லை. பின்வளவில் அயலவரின் மரநிழல். வெயில் விழுவது முன்னால் மட்டும். "இந்த வெயிலுக்கு நாலு கத்தரி வெச்சா என்னவாம், தம்பி? புல்லத் திங்கவா ஏலும்?" என்று என்னிடம் முறையிடுவா.

டிசம்பரில் பனி எல்லாவற்றையும் மூடியது. அதற்கு முன்பே மச்சான் சீடர் வேலிச் செடிகளைச் சாக்குத் துணியால் சுற்றியிருந்தார். குளிர் தாங்காது என்பதற்காக அல்ல. மண் உறைந்து வேர் நீர் எடுக்க முடியாதிருக்கையில் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதற்காக. நடைபாதைக்கு உப்புப் போடாமல் மணல் தூவினார். ஆனால் தெருவைத் துப்புரவு செய்யும் வண்டி உப்புக் கலந்த பனியைப் புல்லோரத்தில் ஒதுக்கிவிட்டுப் போனது.

அந்த மாரியில் பக்கத்து நூலகமொன்றில் சன்ட்ரா பெல் என்ற ரொறன்ரோப் பெண்ணின் வழக்கை வாசித்தேன். முன்வளவில் புல்லுக்குப் பதிலாகக் காட்டுப்பூக்களை வளரவிட்டதற்காக அவருக்கு ஐம்பது டொலர் அபராதம். 1996 இல் ஒன்ராறியோ நீதிமன்றம், அந்த நகரவிதி தெளிவற்றது, கருத்து வெளியிடும் உரிமையையும் மீறுகிறது என்று தள்ளிவிட்டது. தோட்டமும் ஒரு கருத்து என்பதுதான் தீர்ப்பின் சாரம். சாப்பாட்டு வேளையில் இதைச் சொன்னேன்.

"அப்ப கத்தரியும் ஒரு கருத்துத்தானே?" என்றா ராத்தா.

மச்சான் பதில் சொல்லவில்லை. அவருடைய மௌனத்தையும் நான் குறைவாக எண்ணவில்லை. பெல்லம்மாவுக்கு வழக்காட மொழியும் துணிவும் இருந்தன. மச்சானிடம் இருந்தது ஒரு புல்வெட்டி. வந்தேறிய ஒருவன் அந்நிய ஊரில், 'நானும் உங்களைப்போல ஒழுங்கானவன்' என்று எழுதக் கிடைத்த ஒரே பலகை அந்தப் புற்றரை. ஆனால் எங்கள் கையெழுத்தும் அதில் ஓர் ஓரத்திலாவது இருக்கவேண்டும் என்று ராத்தா கேட்பதும் நியாயந்தானே?

ஏப்ரலில் பனி உருகியதும், புல்லில் சாம்பல் நிற வட்டங்கள் தெரிந்தன, பனிப்பூஞ்சணம் என்றார்கள். மெல்ல வாரிவிட்டால் தேறிவிடுமாம். தெருவோரம் மட்டும் ஒரு முழ அகலத்தில் உப்பில் கருகியிருந்தது. அந்த ஓரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி மறுவிதைப்புக்கு ஒதுக்கிய மச்சான், பிறகு வீட்டுச் சுவரோரம் வெயில் விழும் இடத்துக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் கயிறு பிடித்தார். ராத்தா யன்னலோரத்தில் கத்தரி நாற்றுப் போட்டிருந்தா. மே மூன்றாம் கிழமைவரை பனி தட்டுமாம். அதற்கு முன் வெளியே நடக்கூடாது. நடுவதைப் பார்க்க நான் இருக்கவில்லை.

யூலையில் ஒரு படம் வந்தது. பச்சைப் புல்; அதையடுத்து இரண்டு வரிசை கத்தரி, ஊதாப் பூவோடு. கீழே மச்சானின் கேள்வி: "வரம்பு நேரா இரிக்கா, வாத்தியார்?"