மூட்டுதல்

'மூள்' என்பதன் பிறவினை 'மூட்டு'. தீ மூளும், நாம் மூட்டுவோம். கைலியின் இரு ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதும் நம் பேச்சில் மூட்டுதலே. இவ்வொற்றுமை தற்செயலாகவே இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. சங்கச் செய்யுளில் இன்னொரு வினையும் உண்டு: ஞெலிதல், அதாவது கடைந்து தீ எழுப்புதல். வீட்டுக் கூரையில் செருகப்பட்டுக் கண்ணில் படாதிருக்கும் ஞெலிகோலை அதியமானுக்கு உவமையாக்குகிறார் ஔவையார் (புறநானூறு 315). அந்தக் கோலும் தனித்துத் தீத் தராது. மற்றொரு மரத்தோடு உரச வேண்டும்.

தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் பங்குப்பணி ஆற்றியபோது, வாய்க்கால் தண்ணீர் முறைக்காக அண்ணன் தம்பி இருவர் பேச்சற்றிருந்தனர். எவரோ மூட்டிய சண்டை. அதற்கும் இதே வினைதான்! அவ்வாண்டு பாஸ்கா திருவிழிப்பின் புதுத்தீக்கு நானே விறகடுக்கினேன். பச்சைக் கருவேலம், புகைந்ததேயன்றிப் பற்றவில்லை. மக்கள் இருளில் காத்து நின்றனர். முதிய தாய் ஒருவர், "கட்டையை எட்ட எட்டப் போட்டா எப்படிப் புடிக்கும் சாமி? சேத்து வையுங்க" என்றார். அண்ணன் குனிந்து ஒரு கட்டையை உள்ளே தள்ளினார். எதிர்ப்புறமிருந்து தம்பி வைக்கோலைத் திணித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாஸ்காத் திரியை ஏற்ற நான் நெருங்கியபோதும் இருவரும் குனிந்து ஊதிக்கொண்டிருந்தனர்.